பம்பாய் மாதுங்காவில் ஒரு பழைய ஃபிளாட்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் நியூயார்க்கில் வீடு தேடும்போது விளம்பரங்களில் 'ப்ரீ வார்' என்ற சொல்லைப் பார்த்திருப்பார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் கட்டிய அடுக்குமாடி வீடு என்று பொருள். உயரமான கூரை, பக்கத்து வீட்டுச் சத்தம் கேட்காத தடித்த சுவர், மரத்தரை. இதற்காகவே அங்கே கூடுதல் விலை கொடுக்கிறார்கள். நாம் பழைய வீடு என்றால் உடனே வாடகையைக் குறைத்துக் கேட்போம். அங்கே கதை தலைகீழ்.

அப்படிப்பட்ட வீடு நம் ஊரில் உண்டா என்று தேடினால் பெங்களூரில் அகப்படுவது கடினம். கண்டோன்மெண்டில் வெள்ளைக்காரர்கள் பங்களா கட்டினார்கள், தோட்டம் போட்டார்கள். மாடி மேல் மாடி வைத்துக் குடும்பங்களைக் குடியமர்த்தும் பழக்கம் இங்கே மிகவும் பிந்தி வந்தது. நம் மர்பி டவுனும் போருக்கு முந்தையதுதான். வெள்ளையர் வீடுகளிலும் பாசறைகளிலும் உழைத்த எளிய மக்கள் வாழ்ந்த நாக்ஸ்பேட்டை, அதைத் திட்டமிட்டு அமைத்த பொறியாளர் மர்பியின் பெயரைப் பிறகு பெற்றது. ஆனால் அவை தொழிலாளர்களுக்கான சின்ன வீடுகள். போருக்கு முன்பே கட்டிய, வசதியான அடுக்குமாடி வீடு, அதிலும் தமிழர்கள் மூன்று நான்கு தலைமுறையாகக் குடியிருக்கும் வீடு வேண்டுமென்றால் பம்பாய்க்குத்தான் ரயிலேற வேண்டும். தாதருக்கு அடுத்த மாதுங்காவில் இறங்க வேண்டும்.

பம்பாய் 1995-இல் மும்பை ஆகிவிட்டது. ஆனாலும் மாதுங்காவைப் பற்றிப் பேசும்போது பம்பாய் என்றுதான் வாயில் வருகிறது. வாசகர்கள் பொறுத்துக் கொள்ளவும்.

இந்தக் கதை பிளேக் நோயில் தொடங்குகிறது. 1896-இல் பம்பாயில் பிளேக் புகுந்தது. இரண்டு ஆண்டுகளில் அது பெங்களூருக்கும் வந்தது என்பதை நம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். இங்கே மல்லேஸ்வரம், பசவனகுடி, பிரேசர் டவுன் எல்லாம் விரிந்து பரந்ததற்கு அந்த நோயே பெரிய காரணம். நெருக்கடியில்தான் நோய் வளர்கிறது, ஆகவே காற்றும் வெளிச்சமும் உள்ள புதுப் பேட்டைகள் வேண்டும் என்று அரசாங்கம் விழித்துக் கொண்டது. பம்பாயில் அதற்கென்றே 1898-இல் ஓர் அமைப்பு உருவானது. பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்ட் என்று பெயர். நகரின் வடக்கே வயலும் தோப்புமாகக் கிடந்த தாதர், மாதுங்கா நிலங்களை எடுத்து, அகலத் தெரு போட்டு, மனை பிரித்து, நீண்ட காலக் குத்தகைக்கு விட்டது இந்த டிரஸ்ட்தான். ஐந்து தோட்டங்கள் என்று இன்றும் சொல்லும் பூங்காக்களும், வட்டமாக அமைந்த கிங்ஸ் சர்க்கிளும் அந்தத் திட்டத்தில் வந்தவை.

மனையை வாங்கியவர் தன் இஷ்டத்துக்குக் கட்டிவிட முடியாது. மனையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில்தான் கட்டிடம், மீதி திறந்தவெளி. உயரம் பெரும்பாலும் தரைத்தளமும் மேலே இரண்டு மாடியும். இவற்றையெல்லாம் விட சுவாரசியமானது வெளிச்சக் கணக்கு. ஜன்னலுக்கு வெளியே வானம் தெரிய வேண்டும் என்று டிரஸ்டின் அதிகாரி ஆர் என்பவர் வற்புறுத்தினார். அறையின் அடியிலிருந்து அறுபத்து மூன்றரை டிகிரிக் கோணத்தில் ஒரு கோடு இழுத்தால் எதிர்க் கட்டிடம் அந்தக் கோட்டுக்கு மேல் தலை நீட்டக் கூடாது. கணக்குப் பாடத்தில் தடுமாறுபவர்களுக்கும் புரிகிற மாதிரிச் சொன்னால், இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே பத்தடி இடைவெளி என்றால் எதிர்ச் சுவர் இருபதடிக்கு மேல் போகக் கூடாது. அவ்வளவுதான். மாதுங்காவில் பழைய ஃபிளாட்டுக்குள் நுழைந்ததும் பகலில் விளக்குப் போட வேண்டாமே என்று நாம் வியப்பது இந்தக் கோட்டினால்தான்.

சரி, இங்கே யார் குடியேறுவது? முதல் உலகப் போர் முடிந்த பிறகு கட்டிட வேலை சூடு பிடித்தது. அதே காலத்தில் தெற்கிலிருந்து ஆங்கிலம் படித்த இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகப் பம்பாய் போய்ச் சேர்ந்தார்கள். தஞ்சாவூர், பாலக்காடு, திருநெல்வேலிக்காரர்கள். சுருக்கெழுத்தும் தட்டச்சும் தெரிந்தால் போதும், ரயில்வே கணக்கு ஆபீசிலோ வெள்ளைக்காரக் கம்பெனியிலோ ஒரு நாற்காலி கிடைக்கும். மாதுங்காவிலிருந்து ரயிலில் ஏறினால் கோட்டைப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். ஒருவர் அறை எடுத்தார், ஊரிலிருந்து மச்சானை வரவழைத்தார், மச்சான் நண்பனை அழைத்தார். இப்படித்தான் மாதுங்கா 'மினி மெட்ராஸ்' ஆனது. 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் பள்ளி தொடங்கியது. 1940-இல் கஃபே மெட்ராஸ் திறந்தது. பூக்கடை, வாழையிலை, காப்பிக்கொட்டை அரைக்கும் கடை, தமிழ்ப் படம் ஓடிய அரோரா தியேட்டர் எல்லாம் அதைத் தொடர்ந்து வந்தவை.

அக்காலப் பம்பாயில் பெரும்பாலோர் வாழ்ந்தது 'சால்' என்ற வரிசைக் குடியிருப்பில். நீண்ட தாழ்வாரம், அதை ஒட்டி ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அறை அல்லது இரண்டு அறை. குழாயும் கழிப்பறையும் தாழ்வாரக் கோடியில், எல்லாருக்கும் பொது. நம்மூர் ஒண்டுக்குடித்தனத்தை மூன்று மாடிக்கு உயர்த்திய மாதிரி. மாதுங்கா ஃபிளாட் வித்தியாசப்பட்டது இந்த ஒரு விஷயத்தில்தான். முன் கதவைச் சாத்திவிட்டால் கூடம், படுக்கையறை, சமையலறை, குளியலறை, கழிப்பறை எல்லாம் உள்ளே. 'செல்ஃப் கண்டெய்ண்ட்' என்று விளம்பரம் செய்தார்கள். இன்று சிரிப்பு வரும். எந்த வீட்டில்தான் இவை இல்லை? அன்று இதுவே ஆடம்பரம். பளிங்குத் தரையோ, வேலைப்பாடு செய்த கதவோ அல்ல. காலையில் வாளியோடு வரிசையில் நிற்க வேண்டாம் என்பதே.

ஆனால் நம்மவர்களுக்கு இதில் பெரிய சங்கடம் இருந்தது. கிராமத்து வீட்டில் கழிப்பறை என்று ஒன்று இருந்தால் அது கொல்லைக் கோடியில், கிணற்றையும் மாட்டுத் தொழுவத்தையும் தாண்டி. அதைப் பூஜை அலமாரியும் அடுப்பும் இருக்கும் அதே கூரைக்குக் கீழே கொண்டு வருவதா? ஆசாரக் குடும்பங்களில் பாட்டிமார் இதை லேசில் ஒப்புக் கொள்ளவில்லை. கட்டியவர்கள் ஒரு வழி கண்டார்கள். கழிப்பறையை ஃபிளாட்டின் கடைசி மூலைக்குத் தள்ளினார்கள். பல வீடுகளில் பின்பக்கப் பால்கனி வழியாகத்தான் அதற்குள் போக முடியும். அதாவது கொல்லையை மாடியில் வைத்துக் கட்டினார்கள்! மீதியைக் குடித்தனக்காரர்களே சரிசெய்து கொண்டார்கள். மடித்துணிக்குக் கைக்கெட்டாத உயரத்தில் தனிக் கொடி, குச்சியால் எடுப்பது, குளித்த பிறகே சமையலறை என்று மாடி வீட்டுக்குள்ளேயே ஒரு கிராம வீட்டை வரைந்து கொண்டார்கள்.

வாசலில் நின்று முகப்பை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களின் கண்ணில் படாத ஒன்று இந்தக் கட்டிடங்களின் பின்புறம் உண்டு. சுருள் சுருளாக மேலே ஏறும் இரும்புப் படிக்கட்டு. கழிப்பறையைச் சுத்தம் செய்ய வருகிறவர் ஏறுவதற்கென்று வைத்தது. முன் படிக்கட்டில் அவர் கால் படக் கூடாது. கூடத்தைக் கடக்கக் கூடாது. வீட்டுக்குள் கழிப்பறை வந்தது, அதைக் கழுவுகிறவர் மட்டும் வீட்டுக்கு வெளியே நின்றார். அந்தக் காலத்தின் கட்டிடக் கலையைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் வளைந்த பால்கனியைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவார்கள். இந்தப் படிக்கட்டுக்கு ஒரு வரி கூடக் கொடுப்பதில்லை. மர்பி டவுனில் வாழும் நமக்கு அது கண்ணில் படாமல் இருக்க முடியாது. நகரத்தைச் சுத்தமாக வைத்திருந்த கைகள் எந்தத் தெருக்களிலிருந்து போயின என்பது நமக்குத் தெரியும்.

இதையும் சொல்ல வேண்டும். பம்பாய்த் தமிழர் என்றால் மாதுங்கா மட்டுமல்ல. ரயில் பாதையைத் தாண்டினால் தாராவி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போய்த் தோல் பதனிடும் தொழிலில் உழைத்த தமிழர்கள் மாதுங்காவில் கட்டிடங்கள் எழும்புவதற்கு முன்பே அங்கே குடியேறியிருந்தார்கள். பாதைக்கு இந்தப் பக்கம் பேசியதும் தமிழ், அந்தப் பக்கம் பேசியதும் தமிழ். இந்தப் பக்கம் அறுபத்து மூன்றரை டிகிரி வானம். அந்தப் பக்கம் அந்தச் சட்டம் எட்டிப் பார்க்கவே இல்லை. மாதுங்காவில் ஃபிளாட் எடுக்கச் சம்பளம் மட்டும் போதாது, யார், எந்த ஊர், என்ன ஜாதி என்ற விசாரணையும் உண்டு. பம்பாய் போனதும் ஜாதியெல்லாம் கரைந்து எல்லாரும் 'மதராஸி' ஆகிவிட்டார்கள் என்று பெருமையாகச் சொல்வது பாதி உண்மை. வெளியார் கண்ணுக்கு மதராஸி; வீடு பிடிக்கும்போது பழைய கணக்கு.

கட்டிடங்களின் தோற்றம் 1930களில் மாறியது. காரணம் சிமெண்ட். இரும்புக் கம்பி வைத்துக் கான்கிரீட் போட்டால் சுவர் தாங்காத இடத்திலும் பால்கனியை வெளியே நீட்டலாம், மூலையை வளைக்கலாம். பல சிமெண்ட் கம்பெனிகள் சேர்ந்து 1936-இல் ஏ.சி.சி. உருவானது, கான்கிரீட்டைப் பற்றிய விளம்பரம் எங்கும் பறந்தது. 1937-இல் கட்டிடக் கலைஞர் சங்கத்தார் பம்பாய் டவுன் ஹாலில் 'இலட்சிய இல்லம்' என்று ஒரு கண்காட்சியே நடத்தினார்கள். மேல்நாட்டில் ஆர்ட் டெக்கோ என்று பெயர் பெற்ற பாணி கடலைத் தூர்த்து உண்டாக்கிய மெரைன் டிரைவிலும், ஓவல் மைதானத்தின் மேற்குப் பக்கமும் வரிசையாக எழுந்தது. அங்கே லிஃப்ட், கடல் காற்று, பணக்காரர்கள். மாதுங்காவுக்கு அதே பாணி குமாஸ்தா அளவில் வந்தது. கப்பல் மேல்தளக் கம்பி போல ஒரு பால்கனிக் கைப்பிடி, உதயசூரியன் போட்ட ஒரு கிராதிக் கதவு, தரையில் வண்ண மொசைக். ஓவல் மைதானமும் மெரைன் டிரைவும் 2018-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்டன. மாதுங்கா அந்த எல்லைக்குள் வரவில்லை.

இனி வாடகைக்கு வருவோம். பணம் என்றால் வாசகர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள் என்று தெரியும்!

மாதுங்காக் குடும்பங்களில் மிகப் பலர் வீட்டின் சொந்தக்காரர் அல்லர், வாடகைதாரர். போர்க்காலத்தில் பம்பாயில் கூட்டம் பெருகி வாடகை ஏறவே அரசு கட்டுப்பாடு கொண்டு வந்தது. 1947-ஆம் ஆண்டுச் சட்டம் வாடகையை 1940 செப்டம்பர் 1-ஆம் தேதி இருந்த அளவில் உறைய வைத்தது. தற்காலிகம் என்று கொண்டு வந்ததை நீட்டித்து நீட்டித்து அரை நூற்றாண்டு ஓட்டினார்கள். குமாஸ்தா ஓய்வு பெற்றார், மகன் வங்கி அதிகாரி ஆனார், பேரன் கம்ப்யூட்டர் படித்துக் கடல் கடந்தார். வாடகை மட்டும் அசையவில்லை. வாடகை வராத கட்டிடத்துக்கு வீட்டுக்காரர் ஏன் வெள்ளையடிப்பார்? கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் உதிர்ந்தது. உப்புக் காற்றும் நான்கு மாத மழையும் மீதியைப் பார்த்துக் கொண்டன. 1969-இல் பழைய கட்டிடங்களுக்குச் 'செஸ்' என்று ஒரு வரி போட்டு, அந்தப் பணத்தில் அரசு வாரியம் ரிப்பேர் செய்யும் என்று சட்டம் செய்தார்கள். அதில் முதல் வகைக் கட்டிடம் எது தெரியுமா? 1940 செப்டம்பர் 1-க்கு முன்னால் கட்டியது. ஆக, நியூயார்க்கில் விளம்பரக்காரர் சொல்லும் 'போருக்கு முந்தையது' பம்பாயில் சட்டப் புத்தகத்தில் தேதியோடு இருக்கிறது.

1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், இப்படி வாடகையைக் கட்டிப் போட்டது நியாயமற்றதாகிவிட்டது என்று கூறியது. அதன் பிறகு வந்ததே 1999-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைச் சட்டம். 2000 மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு நான்கு சதவீதம் ஏற்றலாம் என்றது. அடிப்படையே சொற்பம் என்றால் நான்கு சதவீதம் எவ்வளவு? இன்றும் சில நூறு ரூபாய் வாடகை கட்டுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். அந்த இடத்தின் விலையோ கோடிகளில்.

இதற்கு நடுவில் முளைத்ததுதான் பகடி. நமக்குப் பகடி என்றால் கேலி. இந்தியிலும் மராத்தியிலும் தலைப்பாகை. வாடகைதாரர் வீட்டுக்காரருக்குச் செலுத்தும் மரியாதைப் பணம் என்று வைத்துக் கொள்ளுங்கள். பெங்களூரில் நாம் 'லீசு' என்று வீடு எடுக்கிறோம் அல்லவா? மொத்தப் பணம் கொடுத்துவிட்டால் மாத வாடகை இல்லை. காலி செய்யும்போது பணம் திரும்பிவிடும். பகடியில் பணம் திரும்பாது. மாத வாடகையும் உண்டு. ஆனால் குடியிருக்கும் உரிமை கிட்டத்தட்டச் சொத்து மாதிரி. போகும்போது இன்னொருவருக்குக் கைமாற்றி விடலாம்; வரும் தொகையில் வீட்டுக்காரருக்கு ஒரு பங்கு, மூன்றில் ஒன்று என்பது வழக்கம். நெடுங்காலம் இது சட்ட விரோதமாகவே நடந்தது. 1999 சட்டம்தான் இதை ஏற்றுக் கொண்டது. லீசில் வீட்டுக்காரர் பணத்தைத் திருப்பித் தருவாரா என்று நாம் தூக்கம் கெடுகிறோம். பகடியில் கெடுவது வேறு தூக்கம்: இந்த வீடு என்னுடையதா, இல்லையா?

தொழிற்சாலையில் என்னோடு முப்பது வருடம் வேலை பார்த்த நண்பர் ஒருவர் மாதுங்காவில் பிறந்தவர். அவருடைய தாத்தா 1938-இல் எடுத்த ஃபிளாட்டில் இன்றும் அவர் அம்மாவும் அண்ணனும் இருக்கிறார்கள். இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அம்மாவுக்கு எண்பத்தேழு வயது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேர் தூக்கி இறக்க வேண்டும். அதே அம்மா, வேறு இடம் போகலாம் என்றால், "இந்தக் காத்து எங்கேடா கிடைக்கும்?" என்று கேட்கிறாராம்.

இரண்டு வருடங்களாக அந்தக் கட்டிடத்துக்கு ஒரு பில்டர் நடந்து கொண்டிருக்கிறார். பழைய செஸ் கட்டிடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட மாநில அரசின் விதி இடம் கொடுக்கிறது. குடியிருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இசைந்தால் போதும். ஒவ்வொரு வாடகைதாரருக்கும் இலவசமாக, குறைந்தது 300 சதுர அடியில் சொந்த வீடு. அதைவிடப் பெரிய பழைய வீடு என்றால் ஒரு வரம்பு வரை அதே அளவு. பில்டருக்கு லாபம் மேலே கட்டி விற்கும் மாடிகளில். மூன்று மாடி இருந்த இடத்தில் இருபது மாடி எழும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வாடகைதாரர் ஒரே நாளில் சொந்தக்காரர் ஆகிறார், லிஃப்ட் வருகிறது. ஆனால் வேலை முடியும் வரை வெளியே வாடகைக்கு இருக்க வேண்டும். அந்த வாடகையைப் பில்டர் தருவார் என்பது ஒப்பந்தம். பாதியில் பணம் முடங்கி, தோண்டிய பள்ளத்தில் மழைநீர் தேங்கி நிற்க, வாடகையும் நின்றுபோய், ஆண்டுக்கணக்கில் புறநகரில் தவிக்கும் குடும்பங்கள் மும்பையில் ஏராளம். வயதானவர்கள் திரும்பி வராமலே போய்விடுகிறார்கள். திரும்பி வந்தாலும் பராமரிப்புக் கட்டணம் பழைய வாடகையைப் போலப் பல மடங்கு. ஓய்வூதியத்தில் வாழ்கிறவர் அதைக் கட்ட முடியாமல் வீட்டை விற்றுவிட்டு டோம்பிவிலிக்கோ நவி மும்பைக்கோ போகிறார். வீடு கிடைத்தது, மாதுங்கா போயிற்று.

"நீங்க கையெழுத்துப் போடச் சொல்றீங்களா, சார்?" என்று நண்பர் என்னைக் கேட்டார். என் கருத்தைச் சொன்னேன். இடிவதற்குக் காத்திருக்கும் கட்டிடத்தில் எண்பத்தேழு வயது அம்மாவை வைத்திருப்பது வீரமல்ல. ஆனால் கையெழுத்துக்கு முன்னால் நாலு விஷயம் எழுத்தில் வர வேண்டும். ஒப்பந்தம் பதிவு செய்யப்பட வேண்டும். இடைக்கால வாடகைக்கு வங்கி உத்தரவாதம் வேண்டும். பராமரிப்புக்கென்று ஒரு மூலநிதியைப் பில்டர் முதலிலேயே போட வேண்டும். அம்மா பெயரில் உள்ள வாடகை ரசீது, பழைய ரசீதுகள், கூட வசிப்பதற்கான ரேஷன் கார்டு எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்து வைக்க வேண்டும். வாடகைதாரர் இறந்தால் உரிமை போவது அவரோடு வசித்த குடும்பத்தாருக்கு. பெங்களூரில் இருக்கும் என் நண்பருக்கு அதில் பங்கு கேட்பது எளிதல்ல. அண்ணனும் தம்பியும் இப்போதே உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.

மர்பி டவுனில் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கும் இந்தக் கடைசி விஷயம் பொருந்தும். பக்கத்தில் இந்திரா நகர், அல்சூர் ஏரி, 2011-இலிருந்து மெட்ரோ. ஒரு காலத்தில் ஆட்டோக்காரர் வரத் தயங்கிய தெருவுக்கு இன்று நிலத் தரகர் தினமும் வருகிறார். தாத்தா பெயரில் இருக்கும் பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, வாரிசுகள் ஆளுக்கொரு ஊரில் இருந்தால், தரகருக்குத்தான் வேலை சுலபம்.

நண்பர் போன மாதம் மும்பை போய்ப் புதுக் கட்டிடத்தின் வரைபடத்தைக் கொண்டு வந்து காட்டினார். லிஃப்ட் மூன்று, மாடியில் தோட்டம், கீழே கார் நிறுத்துமிடம். பின்பக்கப் பால்கனி இல்லை. இரும்புப் படிக்கட்டும் இல்லை, அது போனதில் எனக்கு வருத்தமில்லை. பக்கத்துக் கட்டிடத்துக்கும் இதற்கும் எவ்வளவு இடைவெளி என்று அளந்து பார்த்தோம். இப்படிப்பட்ட கட்டிடங்களுக்கு இடைவெளியில் அரசு சலுகை தருகிறது. அம்மாவுக்கு ஒதுக்கிய வீடு நான்காவது மாடியில், ஜன்னல் எதிர்ச் சுவரைப் பார்த்து. அதை ஒன்பதுக்கு மேல் மாற்றித் தரச் சொல்லி நண்பரின் அண்ணன் பில்டருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.